நடுராத்திரியில் மண்டைக்குள் 'டமார்': பயந்து ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதல் தடவை அது நடந்தபோது தெரு முனையில் இருக்கிற டிரான்ஸ்பார்மர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. நைட் ஷிஃப்ட் வாரம் முடிந்து பகல் ஷிஃப்டுக்கு மாறிய முதல் ராத்திரி. படுத்துக் கண் செருகுகிற நேரம், காதை ஒட்டி யாரோ லட்சுமி வெடியைக் கொளுத்திப் போட்ட மாதிரி ஒரே ஒரு 'டமார்'. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மனைவியும் பையனும் அசையக்கூட இல்லை. மொட்டை மாடிக்கு ஏறிப்போய் எட்டிப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் அதன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. அதன் அடியில் தெரு நாய் சுருண்டு படுத்திருந்தது.

அந்த நாயைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு.

அடுத்த மூன்று மாதத்தில் 11 தடவை வந்தது. காது டாக்டர் ஒருவர் சொட்டு மருந்து கொடுத்தார். அம்மா தர்காவில் ஓதிய தண்ணீர் வாங்கி வந்தார். நான் ராத்திரி படுக்கவே பயந்தேன். கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதற்குப் பெயர் இருக்கு, ஆபத்து இல்லை" என்றார். எக்ஸ்ப்ளோடிங் ஹெட் சிண்ட்ரோம். பெயரைக் கேட்டால்தான் உயிரே போய்விடும். தமிழில் தலைவெடிப்பு நோய்க்குறி என்று சொல்லிக்கொள்ளலாம். தலை வெடிக்காது, வலிக்கக்கூட வலிக்காது. நான் போன சுற்றுவழியில் நீங்களும் போக வேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதல் படி: சத்தம் வெளியிலா, உள்ளேயா?

வேறு ஊராக இருந்தால் இந்தக் கேள்வி சுலபம். நம் பக்கத்தில் அப்படி இல்லை. விடிவதற்கு முன்பே காசிமேட்டில் போட் இன்ஜின்கள் கிளம்பிவிடும். கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டியைக் கோர்க்கும்போது பெட்டிகள் இடித்துக்கொள்ளும் சத்தம் வரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் காலி கன்டெய்னர் லாரி பள்ளத்தில் விழுந்தால் இரும்புப் பெட்டி முழுக்க அதிரும். சாவு ஊர்வலத்தில் வெடி, ஆடி மாசம் ஸ்பீக்கர் எல்லாம் தனி. போதாததற்கு மணலி, எண்ணூர் தொழிற்சாலைகள் வேறு. அதனால் "எல்லாம் மனப்பிரமை" என்று திரும்பிப் படுத்துவிடாதீர்கள். முதலில் நிஜமாகவே ஏதாவது வெடித்ததா என்று பாருங்கள்.

கேஸ் வாசனை வருகிறதா என்று முகருங்கள். வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி, ஃபிரிட்ஜ், மாடித் தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். இது 2 நிமிட வேலை.

அப்புறம் நாய். காது செவிடாகும் அளவுக்கு நிஜமாக ஒன்று வெடித்தால் தெரு நாய்கள் சும்மா இருக்காது, ஒன்று ஆரம்பித்தால் நாலு தெரு குலைக்கும். காக்கைகள் இருட்டிலேயே கத்திக்கொண்டு எழும்பும். யாராவது பால்கனியில் லைட் போடுவார்கள். இது எதுவுமே இல்லை, உங்களுக்கு மட்டும் கேட்டது என்றால் சத்தம் பெரும்பாலும் உள்ளே இருந்து வந்ததுதான்.

இன்னும் சந்தேகமா? செல்போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். சார்ஜரில் போட்டால் ராத்திரி முழுக்க ஓடும். நான் 6 ராத்திரி வைத்தேன், ஐந்தாவது ராத்திரி சிக்கியது. காலையில் போட்டுக் கேட்டால் ஃபேன் சத்தம், பையனின் குறட்டை, திடீரென்று கட்டில் கிரீச்சிடுகிறது, நான் "ஐயோ" என்கிறேன். அவ்வளவுதான். அந்த 'டமார்' ரெக்கார்டில் இல்லை. ஒருபக்கம் நிம்மதி, ஒருபக்கம் அதைவிடப் பயம்.

இரண்டாவது படி: வலி இருந்ததா?

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். தலைவெடிப்பு நோய்க்குறியில் சத்தம் உண்டு, பயம் உண்டு, ஆனால் குறிப்பிடும்படியான வலி இருக்காது. சிலருக்கு மின்னல் மாதிரி ஒரு வெளிச்சம் தெரியும், சிலருக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போடும், லேசான கூச்சமோ சூடோ பரவும். எல்லாம் சில நொடிகளில் அடங்கிவிடும்.

அதற்குப் பதிலாக, வாழ்க்கையில் இதுவரை வராத தலைவலி திடீரென்று வந்து ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போனால் அது வேறு விஷயம். மூளையில் ரத்தக் கசிவாக இருக்கலாம். வாந்தி, கழுத்தை மடக்க முடியாத இறுக்கம், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல், பார்வை மங்குதல், மயக்கம், வலிப்பு, இதில் எது இருந்தாலும் நோட்டுப் புத்தகம், ரெக்கார்டர் எதுவும் வேண்டாம். 108-க்குப் போன் போடுங்கள். நம் பக்கத்துக்கு பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும். "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது.

வலி இல்லை, எழுந்தவுடன் தெளிவாக இருக்கிறீர்கள், பேசுகிறீர்கள், நடக்கிறீர்கள் என்றால் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

மூன்றாவது படி: இது என்ன என்று தெரிந்துகொள்வது

பல வழிகாட்டிகளில் இது ஒரு பத்தியில் முடிந்துவிடும். என் கணக்கில் பாதி வைத்தியமே இங்கேதான். டாக்டர் எனக்கு மாத்திரை எழுதவில்லை, விளக்கினார். அதற்கப்புறம் ஒரு மாதத்தில் இரண்டே தடவைதான் வந்தது. விளக்கம் கேட்டதால்தான் குறைந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஆபத்தில்லை என்று புரிந்ததும் குறைவதாக டாக்டர்களும் எழுதியிருக்கிறார்கள்.

மோட்டார் வைத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது மோட்டாரைப் பட்டென்று நிறுத்தினால், ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்று திரும்பி, பைப்பில் 'டங்' என்று ஓர் அடி விழும். பைப் உடையவில்லை, மோட்டாரும் கெடவில்லை. நிற்கிற விதத்தில் ஒரு சின்னக் கோளாறு. தூக்கம் வரும்போது மூளையும் இப்படித்தான் ஒவ்வொரு பிரிவாக அணைத்துக்கொண்டு போகிறது. கை கால் அசைவு, பார்வை, காது கேட்பது எல்லாம் மெல்ல அடங்க வேண்டும். இந்த அணைக்கிற வேலையை மூளைத்தண்டில் உள்ள வலைப்பின்னல் போன்ற நரம்புப் பகுதி கவனிக்கிறது. அங்கே ஒரு நொடி தாமதமானால், அடங்க வேண்டிய, சத்தம் கேட்பதற்கான நரம்புகள் அடங்காமல் மொத்தமாக ஒரே நேரத்தில் துடித்தெழுகின்றன. அதுதான் நமக்கு வெடியாகக் கேட்கிறது. இது இன்னும் கருதுகோள்தான், ஆனால் நிபுணர்கள் அதிகம் ஏற்றுக்கொள்கிற விளக்கம். நடுக்காதின் அசைவு, சின்ன வலிப்பு என்று வேறு யூகங்களும் உண்டு. ஆனால் 1991-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தத் தொல்லை உள்ளவர்களைத் தூங்க வைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். சத்தம் கேட்ட நேரத்தில் அவர்கள் விழிப்பும் தளர்வுமான நிலையில் இருந்தார்கள், வலிப்புக்கான அலை எதுவும் தெரியவில்லை.

எல்லோருக்கும் வெடிதான் கேட்கும் என்றில்லை. துப்பாக்கி சுடுகிற மாதிரி, கதவை அறைகிற மாதிரி, இடி விழுகிற மாதிரி, தகரத்தில் அடிக்கிற மாதிரி, ஒரு கூச்சல் மாதிரி என்று ஆளுக்கொன்று. என் தங்கைக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி எப்போதோ "பீரோ விழுந்த மாதிரி" கேட்டதாம், யாரிடமும் சொல்லவில்லையாம். நான் சொன்ன பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

வாயைத் திறக்காததுதான் இதன் சரித்திரமே. 1876-லேயே சைலஸ் வெயர் மிட்செல் என்ற அமெரிக்க டாக்டர் இதைப் பற்றி எழுதிவிட்டார். 1920-ல் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் ஜோன்ஸ் என்பவர் 'மூளை படாரென்று முறிவது' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். இப்போதுள்ள பெயர் 1988-ல் ஜே. எம். எஸ். பியர்ஸ் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் நிபுணர் எழுதிய கட்டுரையிலிருந்து நிலைத்தது. மறுவருடம் 50 நோயாளிகளின் விவரத்தை அவர் தொகுத்தார். தத்துவ அறிஞர் டேகார்ட் 1619 நவம்பரில் ஒரு ராத்திரி இடிச்சத்தம் கேட்டு விழித்து, அறை முழுக்கத் தீப்பொறி பறப்பதைக் கண்டாராம். அதுவும் இதுதானோ என்று சந்தேகிக்கிறவர்கள் உண்டு. அவரும் முதலில் எழுந்து அடுப்பைத்தான் பார்த்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ரொம்ப நாள் இது ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தார்கள். அப்புறம் அமெரிக்காவில் பிரையன் ஷார்ப்லெஸ் 211 கல்லூரி மாணவர்களை நேரில் பேட்டி கண்டு 2015-ல் வெளியிட்டார். 18 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஒருமுறையாவது அனுபவித்திருந்தார்கள், ஆண் பெண் வித்தியாசம் இல்லை. 'அமுக்குவான் பேய்' வந்து அழுத்துகிறது என்போமே, விழிப்பு வந்தும் கை கால் அசைக்க முடியாமல் கிடப்பது, அது வருகிறவர்களிடம் இது இன்னும் அதிகம். எனக்கு இரண்டும் உண்டு. இரண்டும் தூக்கத்தின் வாசற்படியில் நடக்கிற இடறல்தான்.

நான்காவது படி: இரண்டு வாரம் நோட்டு போடுங்கள்

பையனின் பழைய ரஃப் நோட்டு போதும். தேதி, படுத்த நேரம், சத்தம் வந்தது தூங்கப் போகும்போதா, நடுவில் விழிக்கும்போதா, எந்த மாதிரிச் சத்தம், வலி உண்டா, வெளிச்சம் தெரிந்ததா, எப்படிப் படுத்திருந்தீர்கள். கூடவே அன்றைய ஷிஃப்ட், கடைசி டீ எத்தனை மணிக்கு, தண்ணி அடித்தீர்களா (நோட்டுக்குப் பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை), வீட்டில் சண்டையா, புது மாத்திரை ஏதாவது ஆரம்பித்தீர்களா, நிறுத்தினீர்களா.

என் நோட்டில் பத்து நாளிலேயே பதில் தெரிந்துவிட்டது. ஷிஃப்ட் மாறிய முதல் இரண்டு ராத்திரி, மல்லாந்து படுத்த ராத்திரி. இந்த இரண்டிலும்தான் வந்திருந்தது. உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கலாம்.

ஐந்தாவது படி: அக்கம்பக்கத்து நோய்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பது

காதில் விடாமல் 'கொய்ங்' என்று இரைந்துகொண்டே இருந்தால் அது காது இரைச்சல், காது மூக்கு தொண்டை டாக்டரின் வேலை. கதை மாதிரி நீண்ட கனவு கண்டு அலறி எழுந்தால் அது கெட்ட கனவு. விபத்து, சாவு, அடிதடி எதையாவது நேரில் பார்த்த பிறகு அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தால் மனநல டாக்டரிடம் பேச வேண்டும். எழுந்த பிறகும் பத்து இருபது நிமிடம் மூச்சு முட்டி, வியர்த்து, செத்துவிடுவேனோ என்று தோன்றினால் ராத்திரிப் பதற்றத் தாக்கமாக இருக்கலாம். ஆனால் நெஞ்சு வலி சேர்ந்து வந்தால் பதற்றம் என்று நீங்களே முடிவு கட்டாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நாக்கைக் கடித்திருப்பது, படுக்கையை நனைத்திருப்பது, எழுந்த பிறகு வெகுநேரம் குழப்பம் என்றால் வலிப்பைச் சந்தேகிக்க வேண்டும், டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பலத்த குறட்டையும் நடுநடுவே மூச்சு நிற்பதும் இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஆறாவது படி: தூக்கத்தைச் செப்பனிடுவது

தூக்கம் கெட்டால் இது கூடும். மன அழுத்தமும் உடல் அசதியும் தூண்டிவிடும். எல்லோரும் சொல்கிற அறிவுரைதான். "தினமும் ஒரே நேரத்தில் படு" என்று ஷிஃப்ட் வேலைக்காரனிடம் சொல்வதில் என்ன அர்த்தம் என்று எனக்கும் எரிச்சல் வந்தது. முடிந்ததைச் செய்தேன்.

ஷிஃப்ட் மாறுகிற நாளில் ஒரேயடியாக மாறாமல், முந்தின இரண்டு நாள் ஒன்றரை மணி நேரம் முன்னேயோ பின்னேயோ நகர்த்திப் படுத்தேன். நைட் முடிந்து வருகிற காலையில் டீக்கடையில் நின்று ஒரு டீ, ஒரு பொறை என்று இருந்ததை, டீயை விட்டுவிட்டுப் பொறையோடு நிறுத்திக்கொண்டேன். பகல் ஷிஃப்ட் வாரத்தில் மதியம் 3 மணிக்கு மேல் டீ கிடையாது. முதல் வாரம் தலை வலித்தது, அப்புறம் சரியாகிவிட்டது. ஜன்னலுக்கு மனைவியின் பழைய கறுப்புப் புடவை ஒன்றை இரண்டாக மடித்துக் கட்டினேன். ஒருக்களித்துப் படுக்கிறேன், மல்லாக்கத் திரும்பாமல் இருக்க முதுகுக்கு ஒரு தலையணை. படுக்கிற விதத்தை மாற்றியதில் பலன் கிடைத்ததாக இந்தத் தொல்லை உள்ள பலர் சொல்லியிருக்கிறார்கள், எனக்கும் கிடைத்தது.

காதில் பஞ்சு வைத்துப் பிரயோஜனம் இல்லை. வெளிச் சத்தம்தான் குறையும், உள்ளே வெடிப்பது வெடிக்கும். குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும், பின் ராத்திரியில் துண்டு துண்டாக உடையும்.

இன்னொன்று முக்கியம். தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் இந்தச் சத்தம் தொடங்குவது உண்டு. நிறுத்த வேண்டுமானால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டு, படிப்படியாகத்தான்.

ஏழாவது படி: சத்தம் கேட்ட அந்த நிமிடம்

இது உள்ளே இருந்து வருகிற சத்தம்தான் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் லைட் போடாதீர்கள், மொட்டை மாடிக்கு ஓடாதீர்கள், செல்போனில் தேடாதீர்கள். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தேடினால் உலகத்தில் உள்ள அத்தனை மூளைக் கட்டியும் உங்களுக்கு இருப்பதாகத்தான் தெரியும். வலி இருக்கிறதா, கை இரண்டையும் தூக்க முடிகிறதா, பெயரைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். நாய் குலைக்கிறதா என்று காது கொடுங்கள். எல்லாம் சரி என்றால் மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக, ஒரு பத்துத் தடவை. நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடும். அரை மணி நேரமாகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்ப வந்து படுங்கள்.

எட்டாவது படி: டாக்டரிடம் போவது

அடிக்கடி வருகிறதென்றாலோ, பயத்தில் தூக்கம் கெடுகிறதென்றாலோ, மேலே சொன்ன வேறு நோய்களில் ஒன்றின் சாயல் இருக்கிறதென்றாலோ போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவதற்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது நரம்பியல் டாக்டரை. ஸ்டான்லியில் அந்தப் பிரிவு இருக்கிறது, காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு போட்டுவிடுங்கள். ரயில்வே குடும்பம் என்றால் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி. பதற்றமும் மனச்சோர்வும்தான் பெரிது என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போகலாம். அந்தப் பெயரைச் சொன்னாலே நம் ஊரில் கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். நேரில் போகத் தயக்கமா, 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

டாக்டருக்கு நேரம் கம்மி. "தலை ஒரு மாதிரி இருக்கு சார்" என்று ஆரம்பித்தால் தலைவலி மாத்திரையோடு வெளியே வருவீர்கள். எனக்கு முதலில் நடந்தது அதுதான். "காதுல சத்தம்" என்றேன், சொட்டு மருந்து கிடைத்தது. இரண்டாவது முறை நோட்டை நீட்டி ஒரே மூச்சில் சொன்னேன்: "தூக்கம் வர்ற நேரத்துல வெடி மாதிரி சத்தம் கேக்குது சார், ஒரு செகண்ட்தான், வலி இல்ல, எழுந்ததும் தெளிவா இருக்கேன், மூணு மாசத்துல 11 தடவை." அவ்வளவு போதுமாக இருந்தது.

இதை உறுதிப்படுத்தத் தனியாக ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, சொல்கிற விவரத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். வலிப்போ வேறு ஏதாவதோ இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் ஈஈஜி (மூளை அலைப் பதிவு), எம்ஆர்ஐ ஸ்கேன், தூக்கப் பரிசோதனை என்று போவார்கள். மருந்து வேண்டியிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். க்ளோமிப்ரமின், டோபிரமேட், ஃப்ளூனரிசின் போன்றவை சிலருக்கு உதவியதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை ஒன்றிரண்டு நோயாளிகளின் அனுபவம்தான், பெரிய சோதனை நடத்தி நிரூபித்தவை இல்லை. மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொல்லி வாங்கிப் போடுகிற மாத்திரைகள் அல்ல இவை.

கடைசியாக, வீட்டில் சொல்வது

இதை நான் தள்ளிப்போட்டேன், போட்டிருக்கக் கூடாது. ராத்திரி ராத்திரி எழுந்து உட்காருகிற ஆளைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் என்னவெல்லாமோ நினைத்துக்கொள்வார்கள். அம்மா காத்து கருப்பு என்றார், மனைவி கடன் தொல்லை என்று நினைத்தாள். அம்மாவிடம் நான் சண்டை போடவில்லை. ஓதிய தண்ணீரைக் குடித்தேன், கயிறும் கட்டிக்கொண்டேன். அவருக்கு நிம்மதி வந்தது, எனக்கும் கொஞ்சம் வந்தது. டாக்டரிடமும் போனேன். மந்திரிக்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களிடமும், புகை போடுகிறேன், அடிக்கிறேன் என்கிறவர்களிடமும் மட்டும் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் "அப்பாவுக்குத் தூக்கத்தில் பொய்ச் சத்தம் கேட்கும்" என்று சொன்னால் போதும், அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

மனைவியிடம் மோட்டார் பைப் கதையையும் நாய்க் கதையையும் சொன்னேன். போன வாரம் ஷிஃப்ட் மாறிய ராத்திரி திரும்ப ஒருமுறை 'டமார்'. விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். அவள் கண்ணைக்கூடத் திறக்காமல், "நாய் குலைக்கல, படு" என்றாள்.